கூடையை இறக்கி வருவதற்குள்

உப்பளத்தில் யாருக்கும் முகம் கிடையாது. பத்து மணிக்கு மேல் வெயில் பாத்திகளில் பட்டுத் திரும்பி மேலே வரும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்க முடியும். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, பழைய துண்டை மூக்குவரை சுற்றிக் கட்டியிருப்பார்கள். தூரத்தில் வருவது யார் என்று நடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வசந்தா தோளைக் குலுக்கி நடப்பாள். பிரிசில்லா காலை இழுப்பாள். வெறுங்காலில் வரும்போதே செருப்புச் சத்தம் கேட்கும். லீமா பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, விளிம்பால் ஊன்றி, இடுப்புக்கு மேல் எதுவும் அசையாமல் வருவாள். அவள் கூடைமேல் டீ கிளாஸை வைத்தாலும் சிந்தாது என்பார் மேஸ்திரி பஞ்சநாதன். ஒருநாள் வைத்தும் பார்த்தார். சிந்தவில்லை.

லீமாவுக்கு முப்பத்து மூன்று வயது. பதினாறு வருஷமாக உப்பு தூக்குகிறாள். அவர்கள் அளத்தில் ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியாகப் போய் மேட்டில் கொட்டுவார்கள். ஆண் தலையில் கூடை ஏறி அங்கே யாரும் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டவரும் இல்லை.

உப்பு தவிர அவளுக்கு இருந்தது கேம்.

சின்ன வயதில் அண்ணன் ஆரோக்கிய பிரபு டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஆட இரண்டு கைப்பிடிகள். ஒன்று அவன் கையில். இன்னொன்று லீமாவின் கையில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அண்ணன் ஒண்ணுக்குப் போகும்போது மட்டும் அவனுடையதை எடுத்து ஆடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு வாரமாகத் தாண்டாத பள்ளத்தைத் தாண்டியிருப்பாள். எல்லாக் கேமிலும் ஒருவன் ஓடுவான், குதிப்பான், சுடுவான். எல்லாக் கேமிலும் கடைசி வாசலில் ஒரு பெண் நிற்பாள்.

"அந்தப் பொண்ண வெச்சி ஆட முடியாதாண்ணா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அவ நிக்கறதுக்குத்தான்டி இருக்கா. அவள வெச்சி இன்னா ஆடுவ? நின்னுக்கினே இருப்பியா?"

பத்தாவதோடு படிப்பு நின்றது. அளத்துக்கு வந்தாள். பவுல்ராஜைக் கட்டிக்கொண்டாள். கையில் போன் வந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் சாய்ந்துகொண்டு துப்பாக்கிச் சண்டை ஆட ஆரம்பித்தாள். முதலில் பெண் உருவத்தைத்தான் எடுத்தாள். அவளுக்குப் போட்டிருந்த உடுப்பும் குதிகால் செருப்பும் லீமாவுக்குச் சிரிப்பை வரவழைத்தன. அந்தச் செருப்போடு நம் வரப்பில் இரண்டு அடி வைக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஒருநாள் மைக்கைத் திறந்து, "பின்னாடி வர்றான், பாத்துக்கோ" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "அண்ணி, அண்ணன் இல்லீங்களா? போன அவர்கிட்ட குடுங்க."

மைக்கை மூடியவள் பிறகு திறக்கவில்லை. பெயரை 'பவுல் 07' என்று மாற்றினாள். உருவத்தையும் ஆணாக்கிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் வானூர்ப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் அவளுக்குக் கீழே ஆடினார்கள். 'பவுல் அண்ணா இருந்தா பயமில்ல' என்று எழுதி அனுப்புவார்கள். படித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போவாள்.

பொறாமை அவளுக்குப் புதிது அல்ல. கொழுந்தன் ஜெனிஷ் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே பிரிசில்லாமேல் அது உண்டு. பிரிசில்லா பெரிய முதலியார்சாவடிக்காரி. எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். வந்த மூன்றாம் நாள் தெருவில் பாதிப் பேர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லீமா வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் பவுல்ராஜ் பொண்டாட்டிதான். ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே அளம். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். வழியெல்லாம் பிரிசில்லா பேசுவாள்.

மாசி மாதம் ஒரு காலையில் இடையஞ்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சந்தியா. கேம் செய்கிற கம்பெனியில் வேலை. உப்பளத்தில் நடக்கிற கதை ஒன்றைச் செய்கிறார்களாம். லேப்டாப்பும் குடையும் பட்டை பட்டையாகக் கறுப்புக் கட்டுகளும் கொண்டுவந்திருந்தாள். கட்டுகளை உடம்பில் கட்டிக்கொண்டு நடந்தால் அந்த நடை அப்படியே லேப்டாப்புக்குள் போய்விடும் என்றாள்.

"யாருன்னா நடந்து காட்டுங்கம்மா," என்றார் பஞ்சநாதன்.

எல்லாரும் லீமாவைக் கைகாட்டினார்கள்.

முழங்கால், கணுக்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றிலும் சந்தியா கட்டினாள். லீமா சும்மாட்டைச் சரிசெய்து கூடையை ஏற்றிக்கொண்டு நடந்தாள். வெறுங்கூடையோடு, ஈர உப்போடு, மேடு ஏறி, மேடு இறங்கி, நாற்பது தடவை இருக்கும். சந்தியா லேப்டாப்பைப் பார்ப்பதை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி நடைய நான் பாத்ததே இல்லக்கா."

லீமா மெதுவாகக் கேட்டாள்: "கேம்ல நடக்கிறது பொண்ணாம்மா?"

சந்தியா குடையின் கம்பியைத் திருகினாள். "இன்னும் முடிவாகலக்கா."

முடிவாகவில்லை என்றால் ஆகலாம் என்று லீமா எடுத்துக்கொண்டாள். அடுத்த நடையில் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

அவள் வரப்பின் நடுவில் இருந்தபோது சந்தியா குரல் கொடுத்தாள். "ஒரு முகம் வேணும். போட்டோ எடுக்கணும். யாராவது வாங்களேன்."

ஏறிய கூடையை நடுவழியில் இறக்க முடியாது. இறக்கினால் மறுபடி ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஈர உப்போடு வரப்பில் ஓடவும் முடியாது. லீமா மேடுவரை போனாள். கொட்டினாள். கூடையைத் தட்டினாள். திரும்பி வந்தாள். அதற்குள், தண்ணீர் குடிக்க முகத்துணியை அவிழ்த்திருந்த பிரிசில்லா குடைநிழலில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தாள். சந்தியா அவளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

"அப்படியே லேசா சிரிங்க. சூப்பர்."

லீமா வெறுங்கூடையோடு நின்று பார்த்தாள். அவள் முகத்துணி அவிழ்க்கப்படவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பிரிசில்லா சொன்னாள்: "நான் ஒண்ணும் கேக்கலக்கா. அவங்களாத்தான் ஒக்காருன்னாங்க."

"நான் எதுனா கேட்டனா?"

"மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வர்றியே."

"என் மூஞ்சி எப்பவுமே இப்பிடித்தான். அதான் யாரும் போட்டோ எடுக்கல."

வைகாசியில் சந்தியா கேமை ஆடிப் பார்க்கச் சொல்லி லீமாவின் போனுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கூடியது. லீமாதான் ஆடினாள், மற்றவர்களால் முதல் வரப்பையே தாண்ட முடியவில்லை.

கதாநாயகன் பெயர் மாறன். மீசை. அகன்ற மார்பு. தலையில் உப்புக்கூடை.

"யார்றா இவன், ஆம்பள கூட தூக்கறான்?" என்று யாரோ சொல்ல, வாசலே சிரித்தது.

மாறன் நடந்தான். லீமா விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. விளிம்பில் ஊன்றியது. இடுப்புக்கு மேல் அசையவில்லை. அவள் கால்களின்மேல் யாரோ ஒரு ஆளைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது பாத்திக்கு அப்பால் பனைமரத்தடியில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் நின்றாள். பெயர் பூவிழி. தொட்டால் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்: "சீக்கிரம் வந்துடு மாறா."

"ஐயோ, நம்ம பிரிசில்லாடி!" என்று லூர்துமேரி கத்தினாள். கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல் அவளுடையது. தெரு முழுக்கக் கேட்டது. பிரிசில்லாவின் கன்னத்தைக் கிள்ளினாள். பெண்கள் லீமாவின் தோள்மேல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். போன் லீமாவுடையது. ஆடுவது லீமா. அவள் ஒரு மட்டம் ஜெயித்தால் திரையில் பிரிசில்லா வந்து சிரித்தாள். அவள் ஜெயிக்க ஜெயிக்க இன்னும் அழகாகச் சிரித்தாள்.

"ஒருநாள்கூட கேம் ஆடினதில்ல நானு. பாரேன் கூத்த," என்று பிரிசில்லா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீமா அடுத்த மட்டத்தில் வேண்டுமென்றே தோற்றுப் போனை மூடினாள்.

மறுநாள் அளத்துக் கொட்டகையில் பஞ்சநாதன் போனைக் கேட்டு வாங்கினார். வெளியே வெள்ளை வெளிச்சம். திரை மங்கித் தெரிந்தது. முகமெல்லாம் அழிந்து, உருவம் மட்டும் வரப்பில் நகர்ந்தது. அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தொடையில் தட்டினார்.

"டேய், இது லீமாடா! மீச வெச்ச லீமா!"

எல்லாரும் ஓடிவந்தார்கள். லீமாதான், லீமாவேதான் என்றார்கள். வசந்தா எழுந்து அந்த நடையை நடந்து காட்டினாள். கூச்சலுக்கு நடுவில் பஞ்சநாதன் திரையைக் காட்டிக் கேட்டார்: "இது யாரு, மரத்தாண்ட நிக்கறது?"

வசந்தா பார்த்தாள். "தெரியலியேண்ணா. எந்த ஊரோ."

பிரிசில்லா முகத்துணியை அவிழ்க்காமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சந்தோஷம் லீமாவுக்கு மூன்று நடை தாங்கியது. நாலாவது நடையில் வாருபலகையோடு நின்ற ஒருவன், "இன்னா மாறா, சாப்ட்டியா?" என்றான். அன்றிலிருந்து அளத்தில் அவள் பெயர் மாறன். பவுல்ராஜ் பொண்டாட்டி என்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று பார்த்தால், இதிலும் அவள் இல்லை.

சாயங்காலம் சந்தியாவுக்குப் போன் போட்டாள்.

"என் நடைய எடுத்துக்கினு மீசைய வெச்சிட்டியேம்மா."

"நான் பொண்ணாத்தான் வரைஞ்சேங்க்கா. உங்க மாதிரியேதான் வரைஞ்சேன். பொண்ணுன்னா யாரும் கேம போன்ல இறக்க மாட்டாங்கன்னு மேல சொல்லிட்டாங்க."

"யாரும்னா யாரு?"

"ஆடறவங்க."

"நான்தான் ஆடறேன்."

சந்தியா சொன்னாள்: "ஆடிப் பாத்தவங்க லிஸ்ட்ட எடுத்தோங்க்கா. எல்லாமே ஆம்பளப் பேருதான் வருது. உங்க போன்ல ஆடினதுகூட பவுல் 07ன்னுதான் இருக்குது."

லீமா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"கடைசி ஆட்டத்துலயாவது நான் நானா வரணும்மா. ஒரு தடவ. கேட்டுப் பாரேன்."

"கேக்கறேங்க்கா."

அன்றே பெயரை 'லீமா' என்று மாற்றினாள். வானூர்ப் பையன்கள் 'யாருப்பா இது, பவுல் அண்ணா எங்க' என்று எழுதினார்கள். 'நான்தான்' என்று எழுதினாள். 'அண்ணனோட ஐடிய எடுத்து ஆடாதீங்க அண்ணி' என்று ஒருவன் பதில் போட்டான். அரைமணியில் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவள் சேர்த்த குழு அது.

அன்றிலிருந்து மத்தியானத்தில் கொட்டகைக் கீற்றை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் பிரிசில்லா குறட்டை விட்டுத் தூங்குவாள். தூக்கத்திலும் சிரித்த முகம்.

ஆனியில் சந்தியா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கட்டுகள் இரண்டு ஜோடி. கட்டுகளில் இருந்த ஒவ்வொரு சின்னப் பெட்டியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தாள்.

லீமா முதலில் கேட்டது: "கேட்டியாம்மா?"

சந்தியா தலையை ஆட்டினாள். இல்லை.

கடைசி மட்டம் என்ன என்று பஞ்சநாதனிடம்தான் சொன்னாள், லீமாவைப் பார்க்கவில்லை. மழை வந்து கால்வாய் உடைந்து அளமெல்லாம் தண்ணீர் ஏறும். பனைமரத்தடியில் பூவிழி மாட்டிக்கொள்வாள். மாறன் போய் அவளைக் கைகளில் ஏந்தி வரப்பு வழியாகத் தூக்கிவந்து மேட்டில் இறக்குவான். அதோடு கேம் முடியும்.

"தூக்கறவங்க ஒருத்தர், தூக்கிட்டு வரப்படறவங்க ஒருத்தர். ரெண்டு பேரோட அசைவும் வேணும்."

"மாறன் இருக்கான், பூவிழி இருக்கா. அப்புறம் இன்னா?" என்றார் பஞ்சநாதன்.

முடியாது என்று சொல்ல லீமா வாயைத் திறந்தாள். அதற்குள் வசந்தா, "லீமா இல்லன்னா நான் தூக்கறேன்," என்றாள். வசந்தாவின் குலுங்கும் தோள் மாறன்மேல் ஏறுவதை லீமா நினைத்துப் பார்த்தாள். அந்தக் கால்கள் அவளுடையவை.

"கட்டும்மா," என்றாள்.

தண்ணீர் தேக்கிவைக்கும் ஆழமான பாத்தியில் முழங்கால்வரை உப்புத்தண்ணீர். பிரிசில்லாவைக் குனிந்து அள்ளி வரப்பில் ஏறினாள். ஈர உப்புக் கூடையைவிடக் கனம். கூடைக்குக் கை கால் கிடையாது, கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, காதருகில் பேசாது.

"பயமா இருக்குதுக்கா."

"உனக்கின்னாடி பயம். சும்மா இருந்தா போதும். சிரிச்சா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"சும்மா இருக்கறது சுகம்னு நெனச்சியா?" பிரிசில்லாவின் குரல் மாறியிருந்தது. "ராவும் பகலும் அந்த மரத்தாண்ட நிக்கறேன். உன் கொழுந்தன் போன தட்டித் தட்டி, சீக்கிரம் வந்துடு, சீக்கிரம் வந்துடுன்னு கேட்டு இளிக்கறாரு. அது என் குரல்கூட இல்ல. அளத்துல கண்ண மூடிக்கினு உன்ன கண்டுபிடிச்சாங்க. என்ன எந்த ஊரோன்னாங்க. உனக்கின்னாக்கா. நடக்கறியே."

லீமா நடந்துகொண்டே கேட்டாள். மனம் இளகவில்லை. அவளிடம் இருந்ததே இந்தப் பொறாமை ஒன்றுதான். அதிலும் இவள் பங்குக்கு வந்துவிட்டாள்.

வரப்பின் பாதியில் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தாள்.

பிரிசில்லா மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தாள். முழுக்க மூழ்கி எழுந்தாள். கண்ணிலும் மூக்கிலும் உப்பு.

"அடிப்பாவி! கை நழுவுச்சா, போட்டியா?"

லீமா கைகளை நீட்டியபடியே நின்றாள்.

பிரிசில்லா முகத்தை வழித்துக்கொண்டாள். யாராவது கை கொடுப்பார்கள் என்று பார்க்கவில்லை. ஈரச்சேலையைத் தூக்கிச் செருகினாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, தன் இழுக்கும் காலோடு நடந்தாள். வரப்பில் ஏறினாள். நின்ற லீமாவை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். உப்புமேட்டில் கையையும் ஊன்றி ஏறி உச்சியில் நின்று, மொத்த அளத்தையும் பார்த்துக் காறித் துப்பினாள். கூட்டம் விசிலடித்தது.

சந்தியா நிறுத்தச் சொல்லவே இல்லை. குடைக்குக் கீழே லேப்டாப்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. லீமா வந்து பார்த்தாள்.

வரப்பில் மாறன் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். தண்ணீரிலிருந்து பூவிழி எழுந்தாள். செருகினாள். நடந்தாள். அவனை இடித்துக்கொண்டு தாண்டினாள். மேட்டில் ஏறினாள். உச்சியில் நின்றாள்.

சந்தியா அதை மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டும்போது அவள் கை வாய்மேல் இருந்தது.

"இத அழிக்க மாட்டேன்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "அவங்க வேணாம்னாலும் அழிக்க மாட்டேன்."

இருபது வருஷமாகக் கடைசி வாசலில் நிற்கிற அந்தப் பெண் ஒரு அடி எடுத்து வைப்பாளா என்று லீமா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்று வைத்துவிட்டாள். இழுக்கிற கால். அதுவும் இவள் கையை விரித்ததால்.

வயிறு எரிந்தது. உப்புத்தண்ணீர் பட்ட புண்போல எரிந்தது.

தன் முழங்கால் கட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். மேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் பிரிசில்லா! எறங்கி வாடி!"

"வர மாட்டேன் போ!"

லீமா சந்தியாவிடம் திரும்பினாள். "இன்னொரு தடவ எடும்மா. இந்தத் தடவ அவ என்னத் தூக்கட்டும். நான் பூவிழி."

சந்தியா மேட்டைப் பார்த்தாள். பிரிசில்லா உச்சியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை.

"தூக்குவேன்," என்றாள் அங்கிருந்தே. "பாதியில போட்டுடுவேன்."

"போடு," என்று லீமா பாத்தியில் இறங்கினாள்.